இலங்கைப் போர்ச்சுகீசியம்: மட்டக்களப்புப் பறங்கியர் மொழியின் வரலாறு

இலங்கைப் போர்ச்சுகீசியம் என்பது இலங்கையின் கிழக்குக் கரையில், முதன்மையாக மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழும் பறங்கியர் சமூகத்தினர் பேசிவரும் கலப்பு மொழியாகும். இதன் சொற்களில் பெரும்பாலானவை போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தவை. ஆனால் வாக்கியம் அமையும் முறை தமிழோடு மிக நெருங்கியது. ஏறத்தாழ 500 ஆண்டு வரலாறு உடைய இம்மொழி இன்று அழியும் நிலையில் உள்ளது. முதியவர்கள் சரளமாகப் பேசுகிறார்கள், நடுவயதினர் புரிந்துகொள்கிறார்கள், குழந்தைகள் பெரும்பாலும் தமிழிலேயே வளர்கிறார்கள்.

தமிழ் பேசுவோரின் நடுவே தோன்றி, தமிழின் இலக்கணத்தை ஏற்று வளர்ந்த ஒரு மொழி, இப்போது தமிழுக்கே இடம் கொடுத்து மறைந்துவருகிறது. ஆகவே இது தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு.

காஜாவும் பொத்தானும்

எங்கள் பொங்கலூர்ப் பகுதியில் பனியன் தொழிலோடு தொடர்பில்லாத குடும்பத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காலர் வைத்த பனியனில் பொத்தான் நுழையும் துளையைத் தைப்பதற்கு இங்கே 'காஜா எடுப்பது' என்று பெயர். அதற்கென்றே காஜா மெஷின் உண்டு. தையற்கடையில் வேலை பழக வரும் சிறுவனுக்கு முதலில் கற்றுத்தருவதும் காஜாதான்.

இந்தக் 'காஜா' போர்ச்சுகீசியச் சொல். அம்மொழியில் 'காஸா' என்றால் வீடு. பொத்தான் போய்த் தங்கும் துளையையும் அவர்கள் 'காஸா' என்றே சொன்னார்கள். பொத்தானுக்கு அது வீடு. அச்சொல் கோவா, மராட்டியம் வழியாக இந்தியத் தையற்காரர்களின் வாய்மொழியில் பரவியது. 'பொத்தான்' என்பதும் 'பொத்தாவ்' என்ற போர்ச்சுகீசியச் சொல்லின் தமிழ் வடிவமே. பனியன் கம்பெனிகளில் நாள்தோறும் புழங்கும் இவ்விரு சொற்களும் ஐரோப்பாவின் மேற்குக் கடற்கரையில் பிறந்தவை.

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, பாதிரி, துவாலை, வாத்து, அன்னாசி, கொய்யா, வராந்தா, ஆயா ஆகியவையும் அவ்வழியே வந்தவை. இலங்கைத் தமிழில் இப்பட்டியல் இன்னும் நீளும். நாற்காலியை அங்கே கதிரை என்பார்கள், ரொட்டியைப் பாண் என்பார்கள், காலணி சப்பாத்து, சமையலறை குசினி. இவை நான்கும் போர்ச்சுகீசியச் சொற்களே.

சொற்களைக் கடன் வாங்கியதோடு தமிழ் நின்றுகொண்டது. அதே தொடர்பிலிருந்து இலங்கையில் ஒரு புதிய மொழியே பிறந்தது.

தோற்றம்

போர்ச்சுகீசியர் 1505ஆம் ஆண்டு இலங்கைக் கரையில் இறங்கினர். அடுத்த ஒன்றரை நூற்றாண்டில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை, மட்டக்களப்பு ஆகிய கரையோர ஊர்கள் அவர்கள் கைக்கு வந்தன. யாழ்ப்பாண அரசு 1619இல் வீழ்ந்தது. மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டினர்.

கப்பலில் வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கோவாவில் ஆளுநராக இருந்த அல்புகெர்க், தம் வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து குடியேறுவதை 1510 முதலே ஊக்குவித்தார். இலங்கையிலும் அவ்வாறே குடும்பங்கள் உருவாயின. தந்தை பேசியது போர்ச்சுகீசியம். தாய் பேசியது தமிழ் அல்லது சிங்களம். வீட்டு வேலைக்கும் கோட்டைப் பணிக்கும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வேறு மொழிகளைப் பேசினர். இவர்கள் அனைவரும் ஒருவரோடொருவர் பேசுவதற்கு எளிமையாக்கப்பட்ட போர்ச்சுகீசியமே பயன்பட்டது. அப்பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கு அதுவே தாய்மொழியாயிற்று. இவ்வாறு இரண்டு மூன்று மொழிகள் கலந்து, பிள்ளைகளின் வாயில் முழுமையான மொழியாக உருப்பெறுவதை மொழியியலார் கிரியோல் என்று அழைக்கின்றனர்.

ஆட்சி போன பின்னும் நின்ற மொழி

டச்சுக்காரர்கள் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். 1658இல் யாழ்ப்பாணமும் வீழ, இலங்கையில் போர்ச்சுகீசிய ஆட்சி முற்றாக முடிந்தது. ஆட்சியோடு மொழியும் போயிருக்க வேண்டும் என்றுதான் எவரும் எண்ணுவர். நடந்தது வேறு.

டச்சு அதிகாரிகள் மணந்துகொண்ட பெண்களில் பலர் போர்ச்சுகீசியக் கலப்புக் குடும்பத்தினர். டச்சுக் குழந்தைகளைத் தாலாட்டிய ஆயாக்கள் பேசியதும் இந்தக் கலப்பு மொழியே. அதனால் டச்சுக்காரரின் பிள்ளைகளே டச்சு மொழியை விட்டு இதைப் பேசத் தொடங்கினர். அரசு கலங்கியது. டச்சு அறியாத அடிமைகளின் தலையை மழிக்க வேண்டும் என்று ஆணையிடும் அளவுக்குப் போனது. பயன் விளையவில்லை. சந்தையிலும் அடுக்களையிலும் பேசப்பட்ட மொழியை அரசாணையால் மாற்ற முடியவில்லை.

சமயமும் இம்மொழிக்குத் துணை நின்றது. டச்சு ஆட்சி கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்திருந்தது. அந்த நாளில் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகளார் 1687இல் மறைவாக இலங்கைக்கு வந்தார். அவரும் பின்னால் வந்த கோவாக் குருக்களும் தமிழ், சிங்களத்தோடு போர்ச்சுகீசியத்தையும் பயன்படுத்தினர்.

தமிழகக் கரையில்

இந்தக் கலப்பு மொழி இலங்கைக்கு மட்டும் உரியதன்று. நாகப்பட்டினம், சாந்தோம், கொச்சி, கண்ணூர் போன்ற துறைமுகங்களிலும் இதன் உடன்பிறப்புகள் பேசப்பட்டன. ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698இல் வழங்கப்பட்ட பட்டயம், இந்தியாவுக்கு வரும் கம்பெனிப் பாதிரியார்கள் ஓராண்டுக்குள் போர்ச்சுகீசியம் கற்க வேண்டும் என்று விதித்தது. ஆங்கிலேயரே சென்னையில் அம்மொழி இல்லாமல் இயங்க முடியாத நிலை அப்போது இருந்தது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் தமிழோடு போர்ச்சுகீசியத்தைக் கற்று, இரு மொழியிலும் இறைப்பணி செய்தார்.

நாகப்பட்டினத்துப் போர்ச்சுகீசியம் பற்றிக் கோவாவைச் சேர்ந்த அறிஞர் செபஸ்தியான் ருதோல்ஃபோ தல்காதோ 1917இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்று நாகப்பட்டினத்தில் அதைப் பேசுவோர் இல்லை. கொச்சிக்கு அருகே வைப்பின் தீவில் வாழ்ந்த வில்லியம் ரொசாரியோ, கொச்சிப் போர்ச்சுகீசியத்தைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதராக அறியப்பட்டவர். அவர் 2010இல் காலமானார். அவரோடு அந்த மொழியும் முடிந்தது. ஆகவே மட்டக்களப்பில் இன்றும் கேட்கக்கூடிய பேச்சு, தென்னிந்தியக் கரை முழுவதும் ஒருகாலத்தில் பரவியிருந்த ஒரு மொழிக் குடும்பத்தின் எச்சமாகும்.

ஆங்கிலேயர் காலம்

1796இல் கரையோர இலங்கை ஆங்கிலேயரிடம் வந்தது. தொடக்கத்தில் இம்மொழிக்கு நல்ல காலமாகவே இருந்தது. வெஸ்லியன் சபைப் பாதிரியார்கள் கொழும்பில் அச்சகம் நிறுவி, இம்மொழியில் இறைநூல்களை வெளியிட்டனர். 1819இல் வில்லியம் ஃபாக்ஸ் தொகுத்த அகராதி அச்சேறியது. 1826இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. எனினும் அந்த நூல்களின் நடை ஐரோப்பியப் போர்ச்சுகீசியத்துக்குச் சற்று நெருக்கமானது. வீட்டில் பேசிய பேச்சு தமிழின் பக்கம் நெருங்கியது.

பின்னர் ஆங்கிலப் பள்ளிகள் பெருகின. கொழும்பில் வாழ்ந்த, டச்சு வம்சத்தினர் என்று தம்மைக் கருதிய பறங்கியர் ஆங்கிலம் கற்று எழுத்தர்களாகவும் மருத்துவர்களாகவும் வழக்கறிஞர்களாகவும் உயர்ந்தனர். ஓரிரு தலைமுறையில் ஆங்கிலமே அவர்களின் வீட்டுமொழி ஆனது. போர்ச்சுகீசியம் பேசுவது தாழ்ந்த நிலையின் அடையாளமாகக் கருதப்பட்டது. அதைப் பேசியவர்களைப் 'போர்ச்சுகீசிய மெக்கானிக்குகள்' என்று அழைத்தனர். மெக்கானிக் என்பது அன்று கைத்தொழில் செய்பவரைச் சற்று இளக்காரமாகக் குறித்த சொல்.

மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் இந்தக் கைத்தொழில் வகுப்பினர். தச்சர்கள், கொல்லர்கள், இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள். தலைநகரிலிருந்து வெகுதூரம், ஆங்கிலக் கல்வியின் வாய்ப்பு குறைவு, திருமணம் பெரும்பாலும் தம் சமூகத்துக்குள்ளேயே. கொழும்பில் பணமும் பதவியும் மொழியைப் போக்கின. கிழக்கில் அவை கிட்டாததால் மொழி நின்றது. மட்டக்களப்பு நகரில் டச்பார், சின்ன உப்போடை, பனிச்சையடி முதலிய பகுதிகளிலும், தெற்கே அக்கரைப்பற்றிலும், வடக்கே திருகோணமலையின் பாலையூற்றிலும் இச்சமூகத்தார் வாழ்கின்றனர்.

வடமேற்கே புத்தளத்துக்கு அருகில் சிரம்பியடி என்னும் சிற்றூரில் ஆப்பிரிக்க வம்சாவளியினர் வாழ்கின்றனர். அவர்களின் முன்னோரும் இம்மொழியையே பேசினர். இன்று அவர்களின் அன்றாடப் பேச்சு சிங்களம். ஆனால் 'மாஞ்ச' எனப்படும் அவர்களின் பாட்டுகளில் பழைய போர்ச்சுகீசியச் சொற்கள் வாழ்கின்றன. பாடுகிறவர்களுக்கே பல சொற்களின் பொருள் தெரியாது. பேச்சு போனாலும் பாட்டு சிறிது காலம் நிற்கும் என்பதற்கு இது சான்று.

தமிழ் வாக்கியம், போர்ச்சுகீசியச் சொல்

இம்மொழியின் இலக்கணத்தை ஆராய்ந்து உலகுக்கு அறிவித்தவர் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர். 1970களில் மட்டக்களப்பில் தங்கிப் பதிவுசெய்து, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977இல் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். அவர் காட்டிய செய்திகளில் சிலவற்றைத் தமிழ் மாணவர்கள் எளிதில் புரிந்துகொள்ளலாம்.

'நான் அவனுக்குப் பணம் கொடுத்தேன்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியப் போர்ச்சுகீசியத்தில் இது 'நான் – கொடுத்தேன் – பணம் – க்கு – அவன்' என்ற ஒழுங்கில் வரும். மட்டக்களப்பில் 'ஏவ் எலி-ப தின்யேறு ஜா-தா' என்பார்கள். ஏவ் என்றால் நான்; எலி என்றால் அவன்; தின்யேறு என்றால் பணம்; தா என்றால் கொடு. முன்னால் நிற்கும் ஜா இறந்தகாலம் காட்டுகிறது. சொல்லுக்குச் சொல் தமிழ் ஒழுங்கே. வினை கடைசியில் நிற்கிறது.

அதில் வரும் 'ப' என்பதைக் கவனிக்க வேண்டும். போர்ச்சுகீசியத்தில் 'பாரா' என்பது பெயருக்கு முன்னால் வரும் சொல். மட்டக்களப்பில் அது தேய்ந்து, பெயருக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டு, நம் நான்காம் வேற்றுமை உருபான 'கு' செய்யும் வேலையைச் செய்கிறது. 'சு' என்ற உருபு ஆறாம் வேற்றுமைக்குரியது. 'எலி-சு காஸ' என்றால் அவனுடைய வீடு. காஜாவின் காஸா இங்கே உண்மையான வீடாகவே நிற்கிறது.

'அவனுக்குப் பணம் வேண்டும்' என்பதற்கு 'எலி-ப தின்யேறு மிஸ்த' என்று சொல்கிறார்கள். ஐரோப்பிய மொழிகளில் 'அவன் விரும்புகிறான்' என்று எழுவாயை முதல் வேற்றுமையில் வைப்பது வழக்கம். வேண்டுபவரை நான்காம் வேற்றுமையில் வைப்பது நம் பேச்சு முறை.

தமிழில் ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லும்போது 'என்று' போடுகிறோம். 'என்' என்னும் வினையிலிருந்து பிறந்த சொல் அது. அதன் பொருள் 'சொல்லி' என்பதே. இம்மொழியினர் சொல்லுதல் என்று பொருள்படும் 'ஃபலார்' என்ற போர்ச்சுகீசிய வினையிலிருந்து 'ஃபலாத்து' என்றொரு சொல்லை உருவாக்கி, நாம் 'என்று' வைக்கும் அதே இடத்தில் வைக்கின்றனர். போர்ச்சுகலில் இத்தகைய வழக்கம் இல்லை.

சிங்களத்திலும் வினை இறுதியில் வரும். இதுபோன்ற அமைப்புகள் உண்டு. ஆயினும் கிழக்குக் கரைப் பறங்கியர் நாள்தோறும் பழகியது தமிழர்களோடு. தமிழும் போர்ச்சுகீசியமும் அறிந்த தலைமுறைகள், தமிழில் சிந்தித்துப் போர்ச்சுகீசியச் சொற்களை அடுக்கியதன் விளைவு இது. இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபுகளை மனப்பாடம் செய்யச் சொல்லும்போது இந்த ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருந்தால், உருபு என்றால் என்ன என்பது மாணவர்களுக்கு நன்றாக விளங்கியிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

பாட்டும் ஆட்டமும்

பறங்கியர் திருமணங்களில் வயலின், கிட்டார், ரபான் இசைக்க, 'காஃப்ரிஞ்ஞா' 'லான்சர்ஸ்' ஆகிய கூட்டு நடனங்கள் இடம்பெறும். இணையிணையாக நின்று ஆடும் இந்த ஆட்டத்தோடு பாட்டும் உண்டு. ஒருவர் ஓர் அடி பாட, மற்றவர் மறுமொழியாகப் பாடும் போட்டிப் பாட்டுகளும் உண்டு. இலங்கை முழுவதும் இன்று புகழ்பெற்ற பைலா இசை இந்த மரபிலிருந்து வளர்ந்தது. 'பைலார்' என்றால் போர்ச்சுகீசியத்தில் ஆடுதல். 1940களில் காவல்துறையில் பணியாற்றிய வாலி பஸ்தியான் என்பவர் அதைச் சிங்கள மேடைப் பாட்டாக மாற்றி நாடெங்கும் பரப்பினார்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்த ஹியூ நெவில் இப்பாடல்களைத் தொகுத்தார். அந்தக் கையெழுத்துச் சுவடி லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது. அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் அவற்றை ஆராய்ந்து, மட்டக்களப்பிலும் பாடல்களைப் பதிவுசெய்தார். மேலே குறிப்பிட்ட தல்காதோ, 1900இலேயே இலங்கைப் போர்ச்சுகீசியம் பற்றி ஒரு நூல் வெளியிட்டிருந்தார். மட்டக்களப்பில் இன்று பாட்டுகளையும் குறிப்புகளையும் எழுதிவைக்க விரும்புவோர் தமிழ் எழுத்தையோ ஆங்கில எழுத்தையோ பயன்படுத்துகின்றனர்.

தேய்வு

1948இல் இலங்கை விடுதலை பெற்றது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. ஆங்கிலத்தை நம்பியிருந்த பறங்கியர் பலர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தனர். கிழக்கில் இருந்தவர்களில் பலருக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் ஊரிலேயே இருந்தனர். பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளிகளுக்குச் சென்றனர். 1978 நவம்பரில் வீசிய கடும்புயல் மட்டக்களப்பைச் சிதைத்தது. 1983 முதல் 2009 வரை நீடித்த போர் பலரை ஊரைவிட்டு வெளியேற்றியது.

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை வந்தது. டச்பார் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம். அங்கே நெருங்கி வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்தன. தப்பியவர்கள் வேறு வேறு இடங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒரு தெருவில் பத்து வீட்டில் ஒரே மொழி பேசினால், அங்கே ஓடியாடும் பிள்ளை யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைக் கற்றுக்கொள்ளும். அந்தப் பத்து வீடும் பத்துத் திசையில் போய்விட்டால், வீட்டுக்குள் இருக்கும் பாட்டி ஒருவர் மட்டுமே அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்.

இவையெல்லாம் வெளிக்காரணங்கள். அடிப்படைக் காரணம் அமைதியானது. இம்மொழி படித்தால் வேலை இல்லை. இதில் பாடப்புத்தகம் இல்லை; செய்தித்தாள் இல்லை; அரசு விண்ணப்பம் இல்லை. வேறு சமூகத்தில் மணம் செய்தால் வீட்டின் பொதுமொழி தமிழாகிறது. பிள்ளை தேர்வில் நல்ல மதிப்பெண் பெற வேண்டும் என்று எண்ணும் பெற்றோர் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்வதற்கில்லை. டச்சுக்காரரின் ஆணையால் அழிக்க முடியாத மொழி, பெற்றோரின் அக்கறையால் மெல்ல மறைகிறது.

வேறொரு தீவில்

இதே கதையை ஐரோப்பாவிலும் காணலாம். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள கால்வாய்த் தீவுகளில் நார்மன் பிரெஞ்சின் வடிவங்கள் பேசப்பட்டன. 1565இல் ஜெர்சித் தீவிலிருந்து ஹீலியர் டி கார்ட்ரெட் என்பவர் தம்மோடு குடும்பங்களை அழைத்துச் சென்று சார்க் என்ற சின்னஞ்சிறு தீவில் குடியேற்றினார். அவர்கள் கொண்டுபோன பேச்சு 'செர்க்கியே' என்று அழைக்கப்படுகிறது. சில நூறு பேர் மட்டுமே வாழும் அத்தீவில் இன்று அதைப் பேசத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலப் பள்ளியும் சுற்றுலாவும் ஆங்கிலேயர் குடியேற்றமும் அங்கே செய்த வேலையை மட்டக்களப்பில் தமிழ்ப் பள்ளியும் இடப்பெயர்வும் செய்தன.

அருகிலுள்ள ஆல்டர்னித் தீவின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 1940 ஜூனில் செருமானியப் படை வருமுன் அத்தீவு மக்கள் ஏறத்தாழ அனைவரும் இங்கிலாந்துக்கு வெளியேற்றப்பட்டனர். 1945இன் இறுதியில் திரும்பியபோது பிள்ளைகளின் வாயில் ஆங்கிலம் மட்டுமே இருந்தது. அத்தீவின் நார்மன் மொழி 20ஆம் நூற்றாண்டிலேயே அழிந்துவிட்டது. டச்பார்க் குடும்பங்கள் சிதறியதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஜெர்சித் தீவில் மட்டும் வேறு வழி தேடினர். அங்குள்ள 'ஜெர்ரியே' மொழி 1999 முதல் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. 2019இல் அத்தீவின் அவை அதை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்றது. இதனால் பேசுவோர் தொகை பெருகிவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் தாத்தா பேசும் மொழி வெட்கப்பட வேண்டியதன்று என்று பிள்ளைகளுக்குத் தெரிகிறது.

மீட்பு முயற்சிகள்

மட்டக்களப்பில் கத்தோலிக்கப் பறங்கியர் சங்கம் சமூகத்தின் ஒன்றுகூடல்களையும் பாட்டு, நடன மரபையும் காத்துவருகிறது. 2010களின் பிற்பகுதியில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோ தலைமையிலான ஆய்வுக்குழு கிழக்கு மாகாணத்தில் பேச்சுகளையும் பாடல்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளாக்கி, அழியும் மொழிகளுக்கான இணையக் காப்பகத்தில் சேர்த்துள்ளது. இலங்கைத் தமிழ் இலக்கிய ஆய்வுக்கும் மொழித் தொடர்பு ஆய்வுக்கும் இப்பதிவுகள் பெரிதும் பயன்படும். தமிழ் தெரிந்த ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு: பாதி இலக்கணம் அவர்களுக்கு முன்பே தெரியும்.

பதிவு செய்வது மொழியைக் காப்பாற்றாது. அதன் நினைவைக் காக்கும். மொழி பிழைக்க வேண்டுமானால் பிள்ளைகள் பேச வேண்டும். அதற்குப் பள்ளியின் ஆதரவும், பேசினால் யாரும் சிரிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையும் வேண்டும்.

நம் வகுப்பறைகளும் இந்த வரலாறும்

ஓர் ஆசிரியராக எனக்கு இதில் ஒரு பங்கு உண்டு. கொங்கு நாட்டில் பல வீடுகளில் தெலுங்கும் கன்னடமும் வீட்டுமொழியாக உள்ளன. அண்மைக் காலத்தில் பனியன் வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒடியாவும் இந்தியும் போஜ்புரியும் பேசிக்கொண்டு வகுப்பில் அமர்ந்தனர். 'இங்கே தமிழில் பேசு' என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். பாடம் புரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில்தான் சொன்னேன். அந்தப் பிள்ளைகள் ஓராண்டுக்குள் தமிழ் கற்றுக்கொண்டார்கள். ஆனால் 'உன் வீட்டில் இதற்கு என்ன பெயர்?' என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. மட்டக்களப்பில் ஒரு பறங்கிப் பிள்ளையிடமும் யாரும் அப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

தெலுங்கும் ஒடியாவும் வேறிடங்களில் கோடிக்கணக்கானோர் பேசும் மொழிகள். அவற்றுக்கு அழிவு இல்லை. ஆனால் இங்குள்ள குடும்பங்களில் சில தலைமுறைகளாக வழங்கிவரும் தெலுங்கு, கன்னட வழக்குகள் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் உள்ளவை போன்றவை அல்ல. தமிழோடு நெடுங்காலம் பழகித் தனி வடிவம் பெற்றவை. அவற்றுக்கும் எழுத்துப் பதிவு மிகக் குறைவு.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்று செய்யலாம். வீட்டில் தமிழல்லாத மொழியோ வேறுபட்ட வட்டார வழக்கோ பேசும் தாத்தா பாட்டி இருந்தால், கைப்பேசியில் அவர்களின் பேச்சை அரை மணி நேரம் பதிவு செய்யுங்கள். சமையல், உறவுமுறை, தறி, விவசாயம், விளையாட்டு பற்றிக் கேளுங்கள். கேட்ட சொற்களைத் தமிழ் எழுத்திலேயே ஒரு நோட்டில் பொருளோடு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், எந்தத் தேதி என்பதையும் குறியுங்கள். நாகப்பட்டினத்தில் போர்ச்சுகீசியம் பேசிய கடைசி வீட்டில் அப்படி ஒரு நோட்டு இருந்திருந்தால், இன்று நமக்கு அது ஓர் அரிய நூலாக இருந்திருக்கும்.